துப்பாக்கி யார் கையில், யானை யார் முன்னால்?

(ஓக்லிபுரத்தில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் எழுந்த இரண்டு கேள்விகளை நேரமில்லை என்று ஒத்திவைத்தோம். முதல் கேள்வி குடகிலிருந்து வந்தது. சித்தாபுரம், பொள்ளிபெட்டா பக்கம் காப்பித் தோட்டங்களில் லயன் வீடுகளில் இருக்கும் நம் உறவினர்கள் கேட்டனுப்பினார்கள்: "இங்கே தோட்டக்காரர்கள் துப்பாக்கிச் சலுகையை நிரந்தரமாக்கு என்று கேட்கிறார்கள். எங்களிடமும் வந்து ஆதரவு கேட்டால் நாங்கள் என்ன சொல்வது?" இரண்டாவது கேள்வியை ஸ்ரீராமபுரத்துத் தம்பி ஒருவர் கேட்டார். 1991லும் அடித்தார்கள், 2016லும் வண்டிகளை எரித்தார்கள், நாமும் ஏன் துப்பாக்கி லைசென்ஸுக்கு மனுப் போடக்கூடாது என்றார்.

இரண்டு கேள்விகளும் வேறு வேறு ஊரில் பிறந்தவை. ஆனால் இரண்டையும் பிணைத்திருப்பது ஒரே சட்டம்தான். ஆகவே முதலில் அந்தச் சட்டத்தைப் பார்ப்போம். "கூலிக்காரனுக்குத் துப்பாக்கிச் சட்டம் எதற்கு?" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

வெள்ளைக்காரன் போட்ட பூட்டு

1857 கலகத்தைக் கண்டு மிரண்டுபோன வெள்ளைக்கார ஆட்சி, இந்தியன் கையில் ஆயுதம் இருக்கக்கூடாது என்று முடிவு கட்டியது. லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது 1878இல் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வாங்க வேண்டும். ஐரோப்பியனுக்கு அது தேவையில்லை. தோல் நிறத்தைப் பார்த்துச் சட்டம் போட்டார்கள். அதனால்தான் காங்கிரஸ் 1931இல் கராச்சியில் நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையையும் சேர்த்தது.

சுதந்திரம் வந்த பிறகு, 1948 டிசம்பரில், அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அந்த உரிமையை அரசியல் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். காமத் மங்களூரில் பிறந்தவர், நம் கர்நாடகத்துக்காரர். அண்ணல் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. ஒவ்வொருவரும் கடைத்தெருவுக்குப் போய் எந்த ஆயுதத்தையும் தடையின்றி வாங்கலாம் என்றால் அரசாங்கம் எப்படி நடக்கும் என்று கேட்டார். திருத்தம் தோற்றது. காங்கிரஸ் தான் எதிர்க்கட்சியாக இருந்தபோது கேட்டதை, ஆட்சிக்கு வந்ததும் கேட்கவில்லை. இது துப்பாக்கி விஷயத்தில் மட்டும் நடந்த சங்கதியா என்ன?

பிறகு 1959இல் இப்போதுள்ள ஆயுதச் சட்டம் வந்தது. அதில் இரண்டு இடங்களை நாம் நினைவில் வைக்க வேண்டும். 13ஆம் பிரிவு பயிர்ப் பாதுகாப்புக்கென்று வாய்வழியாக மருந்து இடித்துச் சுடும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தர வழி செய்கிறது. அடுத்த 14ஆம் பிரிவில் ஒரு வரி இருக்கிறது. மனுச் செய்தவருக்குப் போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக லைசென்ஸை மறுக்கக்கூடாது என்கிறது அந்த வரி. மறுபடியும் சொல்கிறோம், சொத்து இல்லை என்பதற்காக மட்டும் மறுக்கக்கூடாது. சட்டப் புத்தகத்தில் ஏழைக்கு இப்படி ஒரு வரி எழுதி வைத்திருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எழுதியதோடு சரி, நடைமுறை என்ன என்பதற்கு வருவோம்.

துப்பாக்கிக்காரர்களின் குறை

துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு ஆட்சியாளர்கள் மேல் கோபம் உண்டு. அந்தக் கோபம் ஒரு கட்சியோடு நிற்கவில்லை. 1983இல் இந்திரா காந்தி ஆட்சியில் வந்த திருத்தம், ஒருவர் மூன்று துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்றது. ராஜீவ் காந்தி ஆட்சியில் 1986இல் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியை நிறுத்தினார்கள். அதன் விளைவாகப் பழைய சீமைத் துப்பாக்கியின் விலை மலையேறிவிட்டது. இங்கே அரசாங்கத் தொழிற்சாலை செய்வதைத்தான் வாங்க வேண்டும் என்றாயிற்று. திருச்சியிலும் துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது, நம் ஊர் ஆட்கள் அங்கே கடைசல் பிடிக்கிறார்கள். கடைசல் பிடிக்கிறவன் சம்பளத்துக்கு அது எட்டாது என்பது வேறு கதை.

பிறகு 2010இல், சிவகங்கைக்காரரான ப. சிதம்பரம் உள்துறை அமைச்சராக இருந்தபோது, போலீஸ் விசாரணை அறிக்கை வராமல் லைசென்ஸ் கொடுக்காதே, நாடு முழுவதும் செல்லும் லைசென்ஸை எல்லாருக்கும் கொடுக்காதே என்று கெடுபிடி வந்தது. 2016இல் புதிய ஆயுத விதிகள் வந்தன. அதில் பயிற்சி, அடையாள எண், கூடுதல் கட்டணம் எல்லாம் ஏறின.

காங்கிரஸ்தான் இப்படி, பாரதிய ஜனதா வந்தால் நம் பக்கம் நிற்கும் என்று நம்பியவர்கள் துப்பாக்கிக்காரர்களில் நிறையப் பேர். 2019 நவம்பர் இறுதியில் அந்த ஆட்சி கொண்டுவந்த மசோதா அவர்கள் தலையில் இடியை இறக்கியது. மூன்றை ஒன்றாக்கு என்றது மசோதா. அப்பன் பாட்டன் துப்பாக்கி இருக்கட்டும், விளையாட்டு வீரன் துப்பாக்கி இருக்கட்டும், ஒன்றுக்கு மேல் கூடாது. எதிர்ப்புக் கிளம்பியது. பஞ்சாப் முதலமைச்சராக அப்போதிருந்த அமரீந்தர் சிங் எதிர்த்துக் கடிதம் எழுதினார். கடைசியில் டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது ஒன்று இரண்டாகியது. மூன்றாவது துப்பாக்கி வைத்திருந்தவர்கள் ஒரு வருஷத்துக்குள் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. லைசென்ஸ் காலம் மூன்று வருஷத்திலிருந்து ஐந்து வருஷமாக நீண்டது ஒன்றுதான் அவர்களுக்குக் கிடைத்த ஆறுதல்.

இதில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறதா? கொஞ்சம் இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஏடுகளைப் பார்த்தால், துப்பாக்கியால் நடக்கும் கொலைகளில் மிகப் பெரும்பான்மை லைசென்ஸ் இல்லாத கள்ளத் துப்பாக்கியால் நடப்பவை. லைசென்ஸ் வாங்கி, கட்டணம் கட்டி, போலீஸ் நிலைய வாசலில் கால்கடுக்க நிற்பவனைப் பிடித்து நெருக்குவது அதிகாரிக்குச் சுலபம். கள்ளத் துப்பாக்கி செய்கிற பட்டறையைப் பிடிப்பது கஷ்டம்.

தேர்தல் வந்தால் இன்னொரு தொல்லை. துப்பாக்கியைக் கொண்டுவந்து நிலையத்தில் கட்டு என்கிறார்கள். ஆளைப் பார்த்து, வழக்கைப் பார்த்து, குழு கூடி முடிவு செய்ய வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் ஏற்பாடு. நடைமுறையில் ஒட்டுமொத்தமாகக் கட்டச் சொல்லிவிடுவதே அதிகாரிகளுக்கு வசதி. 2024இல் தேர்தல் ஏப்ரல், மே மாதங்களில் வந்தது. மலைநாட்டில் பலா முற்றும் காலம் அது. பலா வாசனைக்கு யானை தோட்டத்துக்குள் இறங்கும் காலமும் அதுதான். பத்து ஏக்கர் வைத்திருக்கும் சின்ன விவசாயி அந்த நேரத்தில் துப்பாக்கியைக் கட்டிவிட்டு, தகரத்தைத் தட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவன் குறையை நாம் குறை இல்லை என்று சொல்ல மாட்டோம்.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. 2016 முடிவில் உள்துறை அமைச்சகம் தந்த கணக்குப்படி நாட்டில் 33.69 லட்சம் துப்பாக்கி லைசென்ஸ்கள். அதில் உத்தரப் பிரதேசம் ஒன்றிலேயே 12.77 லட்சம். கர்நாடகத்தில் 1.13 லட்சம். தமிழ்நாட்டில் 22,532. உத்தரப் பிரதேசத்தில் நம்மூரைவிட ஐம்பது மடங்குக்கு மேல் காட்டுப்பன்றியா திரிகிறது? அங்கே துப்பாக்கி தோளில் தொங்கும் அந்தஸ்து. கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டு, மாடியில் நின்று வேடிக்கை பார்த்த பிள்ளைமேல் குண்டு பாய்கிற கொடுமை நடக்கிறது. 2019 திருத்தம் அப்படிக் கொண்டாட்டத்துக்குச் சுடுவதற்குத் தண்டனை வைத்தது. அதை நாம் வரவேற்கிறோம்.

குடகின் தனிச் சலுகை

இனி குடகுக்கு வருவோம். நம்மில் பலருக்குக் குடகு என்றால் தலைக்காவிரி. எந்த நதியின் பெயரைச் சொல்லிப் பெங்களூரில் நம்மை அடித்தார்களோ அந்த நதி பிறக்கும் மலை அது. அந்த மலையில் துப்பாக்கிக்கு இந்தியாவில் வேறெங்கும் இல்லாத தனிச் சட்டம் நடக்கிறது.

1834இல் வெள்ளையன் குடகு ராஜ்ஜியத்தைப் பிடித்தான். 1857இல் குடகர்கள் தங்கள் பக்கம் நின்றார்கள் என்பதற்கு நன்றியாக, 1861இல் மார்க் கப்பன் துரை அவர்களுக்கு ஆயுதச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்தார். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கப்பன் பார்க்குக்குப் போகிறோமே, அதே கப்பன்தான். விலக்கு இரண்டு வகையினருக்கு. குடகு இனத்தார் ஒரு வகை. ஜம்மா நிலம் வைத்திருப்பவர்கள் இன்னொரு வகை. ஜம்மா என்பது ராஜா காலத்து மானியம். போர் வந்தால் ஆயுதத்தோடு வந்து நில், அதற்குப் பதில் பாதித் தீர்வை கட்டினால் போதும் என்று பரம்பரையாகக் கொடுத்த நிலம். கொடவர் மட்டுமல்லாமல் அரேபாஷைக் கவுடர் முதலிய வேறு சமூகத்தாரிடமும் ஜம்மா நிலம் உண்டு.

சுதந்திர இந்தியாவும் அந்த விலக்கைத் தொடர்ந்தது. 1959 சட்டத்தின்கீழ் 1963இல் அது புதுப்பிக்கப்பட்டது. அந்த மக்களிடம் துப்பாக்கி வெறும் ஆயுதம் மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆண்பிள்ளை பிறந்தால் சுடுவார்கள், சாவு விழுந்தால் சுடுவார்கள். செப்டம்பரில் கைல் முகூர்த்தத்தன்று நாம் ஆயுத பூஜை செய்வதுபோல் துப்பாக்கிக்குப் பூ வைப்பார்கள். இந்திய ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பா அந்த மண்ணில் பிறந்தவர். அடுத்தவர் வழக்கத்தைப் பரிகாசம் செய்வது நம் சங்கத்தின் வேலை இல்லை. நம் வழக்கத்தைப் பரிகாசம் செய்தபோது நமக்கு எப்படி இருந்தது என்பது நமக்கு மறக்கவில்லை.

எங்கே சிக்கல் வந்தது? இனத்தையும் நிலத்தையும் வைத்துச் சலுகை கொடுப்பது அரசியல் சட்டத்தின் சமத்துவத்துக்கு விரோதம் என்று உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். மத்திய அரசு 2019 அக்டோபர் 29ஆம் தேதி புதிய அறிவிக்கை வெளியிட்டது. விலக்கு தொடரும், ஆனால் 2029 அக்டோபர் 31 வரைக்கும்தான். கர்நாடக உயர் நீதிமன்றம் 2021 செப்டம்பரில் அதைச் செல்லும் என்றது. வீர மரபு உள்ள சமூகம், சுதந்திரத்துக்கு முன்பிருந்தே அனுபவித்து வரும் சலுகை, காலவரையின்றிக் கொடுக்கவில்லை, பத்து வருஷத்துக்குத்தான் கொடுத்திருக்கிறது என்று காரணம் சொன்னது.

நீதிமன்றத்தில் விலக்கைக் காப்பாற்றிக் கொடுத்த அந்தப் பத்து வருஷம்தான் இப்போது துப்பாக்கிக்காரர்களின் மனக்குறை. பாட்டன் காலத்து உரிமையைப் பத்து வருஷத்துக்கு ஒருமுறை டில்லியில் போய்ப் புதுப்பித்துக்கொள்ள வேண்டுமா என்கிறார்கள். சீக்கியருக்குக் கிர்பான் போல எங்களுக்குத் துப்பாக்கியை அரசியல் சட்டத்திலேயே உறுதி செய் என்று கொடவ நேஷனல் கவுன்சில் கேட்டு வருகிறது. 2018 சட்டசபைத் தேர்தலில் மடிக்கேரி, வீராஜ்பேட்டை இரண்டு தொகுதியும் பாரதிய ஜனதாவுக்கு. 2023இல் இரண்டும் காங்கிரசுக்கு. அதற்குத் துப்பாக்கிதான் காரணம் என்று நாம் சொல்லவில்லை, காரணங்கள் பல. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அடுத்த நாடாளுமன்றத் தேர்தல் 2029 ஏப்ரல், மே வாக்கில். விலக்கு முடிவது அதே வருஷம் அக்டோபரில். எல்லாக் கட்சிக்காரனும் அந்த மலைக்கு என்ன வாக்குறுதியோடு ஏறுவான் என்று சோதிடம் பார்க்க வேண்டியதில்லை.

லயன் வீட்டிலிருந்து பார்த்தால்

இவ்வளவு பேச்சிலும் ஒரு கூட்டத்தார் வரவே இல்லை, கவனித்தீர்களா? வழக்குப் போட்டவர், எதிர்த்தவர், டில்லி, நீதிமன்றம், கட்சி எல்லாரும் வந்துவிட்டார்கள். அந்தக் காப்பிச் செடிக்கு நடுவில் வேலை செய்கிறவன் வரவில்லை. எரவர், குறுபர் என்ற அந்த மண்ணின் ஆதிவாசிகள் வரவில்லை. தலைமுறை தலைமுறையாக அங்கே அடிமை வேலை செய்தவர்கள் அவர்கள். சேலம், தர்மபுரி, கொங்கு நாட்டிலிருந்து மேஸ்திரி பின்னால் போன நம் ஜனங்கள் வரவில்லை. இப்போது ரயிலேறி வரும் அஸ்ஸாம், வங்காளக் கூலிகள் வரவில்லை. இவர்கள் இனத்தாலும் குடகர் அல்லர், ஜம்மாவும் இவர்களுக்கு இல்லை. குடும்பத்தோடு படுக்கிற லயன் வீடுகூட இவர்களுடையது இல்லை.

யானை யார் முன்னால் வருகிறது? காலையில் பனி விலகும் முன்னே லயனிலிருந்து காட்டு வேலைக்கு நடந்து போகிறவன் முன்னால். தண்ணீர்க் குழாயை மாற்றப் போகிறவன் முன்னால். பழம் பறிக்கக் குனிந்து நிற்கும் பெண் முன்னால். கர்நாடகத்தில் 2023 கணக்கெடுப்பில் ஆறாயிரத்துக்கும் மேல் யானைகள், நாட்டிலேயே அதிகம் இங்கேதான். அவற்றில் பல காட்டைவிட்டுத் தோட்டத்திலேயே குடியிருக்கின்றன. காப்பிச் செடி மறைப்பில் பத்தடி தூரத்தில் யானை நின்றாலும் தெரியாது என்று அங்கே வேலை செய்த எல்லாரும் சொல்வார்கள்.

அந்த இடத்தில் துப்பாக்கி இருந்தால் காப்பாற்றுமா? யானையைச் சுடக்கூடாது. 1972 வனவிலங்குச் சட்டம் தலைமை வனவிலங்குக் காப்பாளர் உத்தரவில்லாமல் அதை அனுமதிக்காது, அது சரியும்கூட. ஆக துப்பாக்கி அங்கே வெறும் வெடிச்சத்தம். அந்தச் சத்தமும் பங்களாவில் இருக்கிறது, ஆள் பள்ளத்தில் இருக்கிறான். உண்மையில் காப்பாற்றுகிற சங்கதிகள் சாதாரணமானவை. விடிந்து வெளிச்சம் வந்த பிறகு வேலை தொடங்குவது. லயனிலிருந்து காடு வரைக்கும் ஜீப்பில் ஏற்றிப் போவது. யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று வனத்துறை சொல்லும் செய்தி ரைட்டரின் போனோடு நிற்காமல் லயனுக்கும் வருவது, அதுவும் கூலிக்காரனுக்குப் புரிகிற பாஷையில் வருவது. 2022 இறுதியில் குடகு உட்பட நான்கு மாவட்டங்களுக்கு யானைக்கென்று தனிப்படை அமைத்தார்கள். நல்லது. அவர்கள் போன் நம்பர் எத்தனை லயன் சுவரில் எழுதியிருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.

இதில் நம் இலாகாவின் பங்கும் உண்டு, சொல்லாமல் விட மனம் வரவில்லை. ரயில்வே கழித்துப்போட்ட தண்டவாளங்களை வனத்துறை விலைக்கு வாங்கி, நாகரஹொளெ ஓரத்திலும் குடகிலும் யானை வேலியாக நட்டிருக்கிறார்கள். அகழியைவிட, மின்வேலியைவிட அது தாங்குகிறது. சில யானைகள் அதையும் தாண்டப் பழகிவிட்டன, யானைக்கு மூளை அதிகம். ஆனாலும் துப்பாக்கிக்காக டில்லிவரை போகிற பிரமுகர்கள், இந்த வேலியை லயன் பக்கமும் நடு என்று கேட்டால் எத்தனை உயிர் மிஞ்சும்?

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேசிவிடுவோம். துப்பாக்கி மிருகத்துக்கு மட்டும் பேசுவதில்லை. பங்களாத் திண்ணைச் சுவரில் அது தொங்கிக்கொண்டிருக்க, கீழே படியில் நின்று கூலி உயர்வு கேட்பது எப்படி இருக்கும் என்று லயன்காரர்களுக்குத் தெரியும். அந்தத் துப்பாக்கி ஒருமுறைகூட வெடித்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே முதல் கேள்விக்குச் சங்கத்தின் பதில் இது. தோட்டக்காரர் ஆதரவு கேட்டு வந்தால் சண்டை போட வேண்டாம், அவமதிக்கவும் வேண்டாம். "உங்கள் வழக்கம் உங்களுக்கு, அதைப் பறிக்க நாங்கள் கேட்கவில்லை. ஆனால் 2029க்கு முன்னால் இந்தச் சலுகையைப் பற்றி அரசாங்கம் விசாரிக்கும்போது லயன்காரர்களையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று நீங்களும் எழுதிக் கொடுங்கள். வேலைக்குப் போகிற நேரமும் வண்டியும் பற்றி எங்களோடு ஒப்பந்தம் போடுங்கள். பிறகு ஆதரவைப் பற்றிப் பேசுவோம்" என்று சொல்லச் சொல்லுங்கள். வெறுங்கையோடு யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

தம்பியின் கேள்வி

இப்போது ஸ்ரீராமபுரத்துத் தம்பியின் கேள்வி. 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வந்த கையோடு, இந்த ஊரில் என்ன நடந்தது என்று இங்கே இருக்கும் பெரியவர்களைக் கேளுங்கள். நாங்கள் அப்போது அரை டிராயர் போட்ட பையன்கள். குடிசைகள் எரிந்தன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கையில் கிடைத்த மூட்டையோடு ஓசூர்ப் பக்கம் போயின. அந்த வலி பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் அந்த நாட்களில் துப்பாக்கியால் செத்தவர்கள் யாருடைய துப்பாக்கியால் செத்தார்கள்? போலீஸ் துப்பாக்கியால். 2018 மே மாதம் தூத்துக்குடியில் 13 பேர் விழுந்தது யார் சுட்டு? அதுவும் போலீஸ். தமிழ்நாட்டிலேயே, தமிழனே ஆளும்போதே. ஆக, அரசாங்கத்தின் துப்பாக்கிக்கு எதிரே பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டில் ஒரு நாட்டுத் துப்பாக்கியை வாங்கி வைத்து என்ன செய்வது? பிள்ளைகள் எட்டாத இடம் அந்த வீட்டில் எது? கலவரத்தன்று ஒருவன் ஜன்னல் வழியே ஒரு தடவை சுட்டால், மறுநாள் பத்திரிகையில் "ஆயுதம் தாங்கிய தமிழர்கள்" என்று வரும். அதற்கப்புறம் இந்தத் தெருவுக்கு யார் பால் ஊற்றுவார்கள், யார் வாடகைக்கு வீடு தருவார்கள்? 1991லும் 2016லும் பல தெருக்களில் நம்மைக் காப்பாற்றியது பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பம். தன் வீட்டுக்குள் நம் பெண்களை வைத்துக் கதவைச் சாத்தியவர்கள் அவர்கள்.

துப்பாக்கி லைசென்ஸ் வழக்கமாக யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்பதையும் தம்பி யோசிக்க வேண்டும். சொத்தில்லை என்று மறுக்காதே என்று 14ஆம் பிரிவு சொன்னாலும், தாசில்தார், போலீஸ், கலெக்டர் ஆபீஸ் என்று ஏறி இறங்கி, கூலி நாளை விட்டுவிட்டு அலைய முடிகிறவனுக்குத்தான் அது கிடைக்கும். நம் ஊர்ப் பக்கம் மிராசுதார் வீட்டில்தான் துப்பாக்கி இருந்தது. 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு கீழ்வெண்மணிக்கு வந்தவர்கள் கையில் துப்பாக்கியும் இருந்தது. கேட்டது அரைப்படி நெல் கூடுதல் கூலி. குடிசையில் எரிந்தவர்கள் 44 பேர்.

அந்தப் பாதையில் வந்த ஒரு விதி இருக்கிறது. நம்மில் பாதிப் பேருக்கு மேல் சேரியிலிருந்து வந்தவர்கள், அவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1995இல் வந்த விதிகளில் 3ஆவது விதி. வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதி என்று அடையாளம் கண்ட இடத்தில், மற்ற சாதியினரிடம் உள்ள துப்பாக்கி லைசென்ஸை மாநில அரசு ரத்து செய்யலாம். கள்ளத் துப்பாக்கியைப் பறிமுதல் செய்யலாம். தேவை என்று கண்டால் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கு லைசென்ஸ் கொடுக்கவும் செய்யலாம். துப்பாக்கி லைசென்ஸ் விஷயத்தில் ஏழை பக்கம் நிற்கும் விதி நாம் அறிந்தவரை இது ஒன்றுதான். இதைப் பற்றி எந்தக் கட்சியாவது மேடையில் பேசிக் கேட்டிருக்கிறீர்களா? பதக்கம் வாங்குகிறவனின் மூன்றாவது துப்பாக்கிக்காக நாடாளுமன்றத்தில் குரல் கேட்டது. சேரியை மிரட்டுகிறவனின் முதல் துப்பாக்கியை ரத்து செய் என்று கேட்க ஆள் இல்லை. நாம் கேட்கலாம். தம்பிக்கு மனுப் போட ஆசை இருந்தால் இந்த மனுவைப் போடட்டும். எந்த ஊரில் தன் சொந்தக்காரர்களை எவன் துப்பாக்கியைக் காட்டி மிரட்டினான் என்று தேதியோடு எழுதட்டும். அதற்குச் சங்கம் வக்கீல் பிடித்துக் கொடுக்கும்.

லைசென்ஸ் வேண்டவே வேண்டாம் என்று சங்கம் யாரையும் தடுக்கவில்லை. காட்டோரம் சொந்தமாக அரைக் காணி வாங்கி, பன்றி வந்து நிலக்கடலையைக் கிளறுகிறது என்றால், சட்டப்படி மனுப் போடுங்கள், உதவி செய்வோம். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் காட்டுப்பன்றிக்கு ஒரு ஏற்பாடு வந்திருக்கிறது. காப்புக் காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறை ஆட்களே சுடலாம். ஊரில் நிலம் வைத்திருப்பவர்கள் அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள், வி.ஏ.ஓ.விடம் மனுக் கொடுத்தால் போதும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

காரியத்துக்கு வருவோம். குடகில் உறவினர் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று கை தூக்குங்கள் என்றோம், பாதிக் கூட்டம் தூக்கியிருக்கிறீர்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். தோட்டம் எந்தக் கிராமம், லயனில் எத்தனை குடும்பம், காலையில் எத்தனை மணிக்கு ஆளை வேலைக்கு விடுகிறார்கள், நடந்தா வண்டியிலா, யானையோ புலியோ அடித்து யாராவது இறந்திருந்தால் எந்த வருஷம், நஷ்டஈடு வந்ததா, வரவில்லை என்றால் எந்தக் காகிதம் இல்லை என்று சொல்லித் திருப்பினார்கள். ரேஷன் கார்டு தர்மபுரியில் இருப்பதால் வாரிசுச் சான்று கிடைக்கவில்லை என்று இரண்டு குடும்பம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறது, அதை முதலில் எடுத்துக்கொள்வோம். முதலாளி பெயரை எழுத வேண்டாம், ஊர்ப் பெயர் போதும்.

எழுதத் தெரியாதவர்களுக்கு நம் பெண்கள் குழு சனிக்கிழமை மாலை எழுதித் தரும். மனு மடிக்கேரி டெபுடி கமிஷனருக்குப் போகிறது, ஆகையால் கன்னடத்தில்தான் இருக்கும். டிப்போவில் நம்மோடு வேலை செய்யும் கன்னடத் தோழர்கள் அதை எழுதித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கீழே தமிழில் கையெழுத்துப் போடலாம். கைநாட்டும் செல்லும்.